ஜூன் மாதத்து நான்கு நாட்களும் சுங்கை சிப்புட் சைக்கிள் கடையும்

யாரும் விடுமுறை விடாத, காலண்டரில் சிவப்பு மை படாத கொண்டாட்ட நாட்கள் உலகத்தில் ஏராளம். அவற்றில் நான்கு ஜூன் மாதத்தில் வரிசையாக வந்து நிற்கின்றன. 3-ஆம் தேதி உலக மிதிவண்டி நாள். 6-ஆம் தேதி யோயோ நாள், அதாவது நூலில் ஏறி இறங்கும் சக்கரப் பொம்மைக்கான நாள். 17-ஆம் தேதிக்கு மிக அருகில் வரும் சனிக்கிழமை ஜக்லிங் நாள், அதாவது பந்துகளை மாற்றி மாற்றி எறிந்து பிடிக்கும் வித்தைக்கான நாள். 21-ஆம் தேதி ஸ்கேட்போர்டு நாள். இந்த நான்குக்கும் வேண்டிய சாமான்களை மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு பழைய சைக்கிள் கடை விற்கிறது; சிலவற்றை வாடகைக்கும் விடுகிறது. பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளிய கடைவரிசை. வாசலில் மோட்டார் சைக்கிள் டயர்கள் மாலைபோலத் தொங்கும்.

விலையைப் பார்த்தால் இணையத்தில் இதைவிட மலிவு. யோயோவுக்கு ஐந்தாறு வெள்ளியும் (ரிங்கிட்) ஸ்கேட்போர்டுக்கு இருபது முப்பது வெள்ளியும் இங்கே கூடுதலாகப் போகும். அந்தக் கூடுதல் காசுக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் கேள்வி. பெட்டியைப் பிரித்து, நூலை அளந்து, சக்கரத்தை மாற்றி, ஆடத் தயாரான நிலையில் பொருள் கைக்கு வருகிறது. இப்படிப்பட்ட சாமான்கள் வாங்கிய மறுநாளே மூலையில் கிடப்பதற்கு முக்கால்வாசிக் காரணம், அவற்றை யாரும் சரிசெய்து கொடுக்காததுதான். அந்த வேலையில் இந்தக் கடை யோயோவுக்கும் ஸ்கேட்போர்டுக்கும் நன்றாகவே தேறுகிறது. சைக்கிளுக்குப் பரவாயில்லை. தலைக்கவச விஷயத்தில் தேறவில்லை.

முதலில் யோயோ. ஜூன் 6 என்பது டொனால்டு டங்கன் 1892-இல் பிறந்த நாள். யோயோவை அமெரிக்காவெங்கும் பரப்பிய வியாபாரி அவர். ஆனால் அங்கே அதைத் தொழிலாகத் தொடங்கியவர் பெத்ரோ புளோரஸ் என்ற பிலிப்பீன்ஸ்காரர். 1928-இல் கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவில் செய்ய ஆரம்பித்தார். டங்கன் அவரிடமிருந்து தொழிலை வாங்கிப் பெரிதாக்கினார். நியாயமாகப் பார்த்தால் புளோரஸ் பிறந்தநாளைத்தான் கொண்டாட வேண்டும். டங்கனுக்குப் பார்க்கிங் மீட்டர் வியாபாரமும் இருந்தது. பிள்ளைகளிடம் வாங்கிய சில்லறை போதாமல் அப்பாக்களிடமும் வாங்கினார் போலும்.

புளோரஸ் கொண்டுவந்த பிலிப்பீன்ஸ் முறையில் நூலை அச்சில் முடிச்சுப் போட்டு இறுக்குவதில்லை. அச்சைச் சுற்றி ஒரு வளையமாக விட்டுவிடுவார்கள். அதனால் யோயோ கீழே போய் நூல் முடிந்த பிறகும் வளையத்துக்குள் சுழன்றுகொண்டே நிற்கும். இதைத்தான் ஆடுபவர்கள் ‘தூங்குகிறது’ என்கிறார்கள். மேலும் கீழும் ஏறி இறங்குவதைத் தவிர மற்ற எல்லா வித்தைக்கும் இந்தத் தூக்கம்தான் மூலதனம். 1985-இல் டிஸ்கவரி விண்கலத்தில் கொண்டுபோன பொம்மைகளில் யோயோவும் ஒன்று. எடையற்ற நிலையில் அதைத் தூங்கவைக்க முடியவில்லை. நூலை இழுத்துப் பிடிக்கக் கீழே இழுக்கும் எடை வேண்டுமே!

கடையில் மூன்று வகை இருக்கிறது. எட்டு வெள்ளிக்குப் பேரிங் இல்லாத பிளாஸ்டிக். இருபது வெள்ளி அளவில் பேரிங் உள்ளது, ஆனால் சுண்டினால் தானே திரும்பி வரும். அறுபது வெள்ளிக்கு மேல் அலுமினியம். அகலமான இடைவெளி, நீண்ட தூக்கம், இழுத்தால் திரும்பி வராது. பிள்ளைகள் பளபளப்பைப் பார்த்து மூன்றாவதைத்தான் கேட்பார்கள். ஜூன் முதல் வாரத்தில் கல்லாப்பெட்டி முன்னால் அடிக்கடி கேட்கும் பேச்சு இது:

“அண்ணே, நேத்து வாங்கிட்டுப் போனது இது. கீழ போனா சுத்திக்கிட்டே நிக்குது, மேல வரவே மாட்டேங்குது லா. மாத்திக் குடுங்க.”

“கெட்டுப் போகலம்மா. இதோட குணமே அதுதான். நூலை மடிச்சு உள்ள குடுத்தாத்தான் ஏறும். தம்பிக்கு இப்ப இது வேணாம், இருபது வெள்ளிச் சாமானை எடுத்துக்குங்க. மிச்சக் காசைத் தர்றேன்.”

கீறல் விழாத பொருளென்றால் உண்மையாகவே காசைத் திருப்பித் தருகிறார்கள். ஆனால் விற்கும்போதே கையில் வாங்கி ஒரு முறை எறியச் சொன்னால் இந்த அலைச்சல் மிச்சமாகும். கூட்டம் இல்லாத நேரத்தில் சொல்கிறார்கள். கூட்டமென்றால் சொல்வதில்லை.

திரும்பி வராத வகையை ஏற்றும் முறை இதுதான். எறிந்த யோயோ கீழே சுழலும்போது, அதற்கு ஒரு சாண் மேலே நூலின் குறுக்கே இடது சுட்டுவிரலை வைத்து, யோயோவை அந்த விரலைச் சுற்றி ஊஞ்சலாட்டி மேலே கொண்டுவந்து, இடைவெளி நூலின்மேல் உட்காரும்படி இறக்க வேண்டும். பிறகு விரலை விலக்கி வலது கையால் சற்று மேலே இழுத்தால், நூல் இரண்டாக மடிந்து உள்ளே போகும். உள்ளே இரு பக்கமும் ஒட்டியிருக்கும் ரப்பர் வளையங்கள் தடித்த மடிப்பைக் கவ்விக்கொள்ள, யோயோ விருட்டென்று கைக்கு ஏறும். ஒற்றை நூல் அந்த வளையங்களைத் தொடாது, அதனால்தான் சும்மா இழுத்தால் வருவதில்லை. பந்தயம் ஆடுகிறவர்களுக்கு அது வசதி. பத்து வயதுப் பிள்ளைக்கு அது அழுகை.

நூல் அளப்பதைக் கடையில் நின்று பார்க்க வேண்டும். யோயோவைப் பிள்ளையின் காலடியில் வைத்து, நூலை நேராக மேலே பிடித்து, தொப்புளுக்குச் சற்று மேலே விரல் வளையத்துக்கான முடிச்சைப் போட்டு, மிச்சத்தை வெட்டுகிறார்கள். பெட்டியில் வரும் நூல் வளர்ந்த ஆளுக்கானது. அதை வெட்டாமல் கொடுத்தால் ஒவ்வொரு எறிதலுக்கும் யோயோ தரையில் மோதும், விளிம்பு சிராயும், பிறகு நூலை அறுக்கும். கடைக்காரர் போடும் முடிச்சை அப்படியே விரலில் மாட்டக் கூடாது. முடிச்சு வளையத்துக்குள் நூலை இழுத்துச் சுருக்காக்கி, நடுவிரலின் முதல் இரண்டு மூட்டுகளுக்கு நடுவில் மாட்ட வேண்டும். முடிச்சையே மாட்டினால் விரல் நுனி நீலம் பாரிக்கும், இல்லையென்றால் யோயோ பறந்துபோய்க் கண்ணாடியை உடைக்கும்.

இருபது வெள்ளி வகையில் இன்னொரு நுணுக்கம் உண்டு. பேரிங்கைச் சுற்றி நூலை ஒற்றை வளையமாகப் போட்டால் தூக்கம் நீளும். ஒரு முறுக்குக் கொடுத்து இரட்டை வளையமாகப் போட்டால் சுலபமாகத் திரும்பும். புதியவர்களுக்கு இரட்டைதான் சரி. கடையில் எல்லாவற்றையும் ஒற்றையாகவே மாட்டி வைத்திருக்கிறார்கள். கேட்டால் மாற்றித் தருவார்கள், கேட்க வேண்டும்.

வீட்டில் நடக்கும் பெரிய தவறு எண்ணெய். சத்தம் வருகிறதென்று தேங்காய் எண்ணெய் விட்டால் இரண்டே வாரத்தில் பிசினாகித் தூசியைச் சேர்க்கும். துருவுக்கு அடிக்கும் ஸ்பிரே இருக்கிற எண்ணெயையும் கழுவிவிட்டுப் போய்விடும். தையல் இயந்திர எண்ணெய் ஊசி முனையில் ஒரு சொட்டுப் போதும். திரும்பி வரும் வகையில் பேரிங் அதிகமாக வழுக்கினால் அது திரும்ப மறுக்கும், ஆகையால் அதற்குக் கொஞ்சம் கெட்டியான எண்ணெய். பேரிங் போய்விட்டால் மாற்றலாம். அலுமினிய வகைகளில் பெரும்பாலும் வரும் ‘சி’ அளவுக்கு உள்துளை 6.35, வெளிவட்டம் 12.7, அகலம் 4.75 மில்லிமீட்டர். கடையில் உதிரி பேரிங் இருக்கிறது, பெட்டியிலிருந்து தேடித்தான் எடுக்க வேண்டும்.

நூலில் பருத்தி, பாலியெஸ்டர் இரண்டும் வைத்திருக்கிறார்கள். நம் ஊர் வெக்கைக்கும் வியர்வைக்கும் பருத்தி நூல் ஒரு மாலையில் தொய்ந்து, பிசிர் கிளம்பிவிடும். பாலியெஸ்டர் வாங்குங்கள். தொடர்ந்து ஆடினால் நூலில் முறுக்கு ஏறும், அல்லது இறங்கும். ஏறினால் யோயோ தூங்காது. இறங்கினால் வளையம் பெரிதாகி அச்சில் வழுக்கும், திரும்பாது. விரலிலிருந்து கழற்றி, நூலைப் பிடித்து யோயோவைத் தொங்கவிட்டால் தானே சுற்றிச் சமநிலைக்கு வந்து நிற்கும். பழுதென்று கடைக்கு வருபவற்றில் பாதி இந்த முறுக்குத்தான்.

அடுத்து மிதிவண்டி. 2018 ஏப்ரலில் ஐ.நா. பொதுச்சபை ஜூன் 3-ஐ அறிவித்தது. அமெரிக்காவில் கற்பிக்கும் போலந்துப் பேராசிரியர் லெஷெக் சிபில்ஸ்கி மாணவர்களோடு சேர்ந்து தொடங்கிய முயற்சி அது. மாமன்னரின் அதிகாரப்பூர்வப் பிறந்தநாள் ஜூன் முதல் திங்களன்று வருவதால், நாள் கிட்டத்தட்ட ஒட்டி வந்து பொதுவிடுமுறையும் கிடைத்துவிடுகிறது. அந்த வார இறுதியில் தோட்டத்துக்குள் ஒரு சுற்றுப் போய்வரக் கும்பல் கும்பலாகப் பிள்ளைகள் கிளம்புகிறார்கள்.

இந்த வட்டாரத்தில் சைக்கிளைக் கொண்டாட இன்னொரு காரணமும் இருக்கிறது. பெல்ஃபாஸ்ட்டில் மாட்டு வைத்தியரான ஜான் டன்லப், மகனின் மூன்று சக்கர வண்டிக்காகச் செய்து பார்த்த காற்றடைத்த டயருக்கு 1888-இல் காப்புரிமை வாங்கினார். அதே யோசனைக்கு ராபர்ட் தாம்சன் 1845-லேயே காப்புரிமை எடுத்திருந்தார், அதனால் டன்லப்பின் உரிமை பிறகு செல்லாமல் போனது வேறு கதை. 1877-இல் வந்த ரப்பர் கன்றுகளில் சில பக்கத்துக் கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றில் ஒரு மரம் மாவட்ட அலுவலகத்துப் பக்கம் இன்னும் நிற்கிறது. சைக்கிளுக்கும் பின்னால் காருக்கும் டயர் தேவைப்பட்டபோதுதான் ரப்பருக்கு மவுசு ஏறி, நம்மவர்களைக் கப்பல் கப்பலாகத் தோட்டங்களுக்கு ஏற்றிவந்தார்கள்.

இப்போது ரப்பர் குறைந்து செம்பனை வந்துவிட்டது, அதோடு பஞ்சரும். வெட்டிப் போட்ட மட்டையின் அடியில் உள்ள முட்கள் டயரைத் துளைத்து, நுனி உள்ளேயே முறிந்து நின்றுவிடும். டியூப்பை மட்டும் ஒட்டி மாட்டினால் அரை மணி நேரத்தில் அதே இடத்தில் மறுபடி பஞ்சர். இந்தக் கடையில் ஒட்டும் பையன் ஒரு பஞ்சுத் துண்டை டயரின் உட்புறத்தில் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போகிறான். பஞ்சு எங்கே இழைவிட்டு மாட்டுகிறதோ அங்கே முள். விரலால் தடவினால் விரலில் ஏறும். குறட்டால் உட்பக்கமிருந்தே பிடுங்குகிறான். டியூப்பை ஒட்டுத் துண்டைவிட அகலமாக உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லியதாகத் தடவி, ஈரப் பளபளப்புப் போகும்வரை நாலைந்து நிமிடம் காத்திருந்து ஒட்டைப் போடுகிறான். காத்திருக்காமல் ஈரத்தோடு ஒட்டினால் உள்ளே சிக்கிய ஆவி வெயிலில் கொப்பளமாகி ஒட்டைத் தூக்கிவிடும். அந்தப் பொறுமைக்குக் கொடுக்கும் ஐந்து வெள்ளி தகும்.

பயணத்துக்கு முந்திய முழுச் சோதனைக்குப் பதினைந்து வெள்ளி கேட்கிறார்கள். பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் இடையில் ஒன்று இரண்டு மில்லிமீட்டர், சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்தால் முழங்கால் நேராக நிற்கும் உயரம், செயினுக்கு எண்ணெய், டயருக்குக் காற்று. முதல் மூன்றும் சுத்தமாகச் செய்கிறார்கள். காற்றைத்தான் மோட்டார் கணக்கில் கல்போல் ஏற்றிவிடுகிறார்கள். 26 அங்குல மலைச் சைக்கிள் டயருக்குச் செம்மண் சாலையில் 35 முதல் 45 பிஎஸ்ஐ காற்றழுத்தம் போதும். அதற்கு மேல் போனால் சரளையில் சக்கரம் துள்ளும், வளைவில் வழுக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட எல்லையைப் பார்த்துவிட்டு, எவ்வளவு வேண்டுமென்று வாயால் சொல்லுங்கள்.

தோட்டத்துச் சம்பள வாரத்தில் சைக்கிளைக் கொண்டு போகாதீர்கள். ஊரிலுள்ள மோட்டார் எல்லாம் அங்கேதான் நிற்கும், சைக்கிள் கடைசி.

ஸ்கேட்போர்டுக்கு வருவோம். ஜூன் 21 கொண்டாட்டத்தை ஸ்கேட்போர்டு நிறுவனங்களின் உலகச் சங்கம் 2004-இல் தொடங்கிவைத்தது. தோக்கியோ ஒலிம்பிக்கில் அது பதக்க விளையாட்டானதும் இங்கேயும் பலகை கேட்கத் தொடங்கினார்கள். கடைக்காரர் நன்றாகப் புரிந்துவைத்திருக்கும் விஷயம் சக்கரம். பெரும்பாலும் பலகையோடு வருவது 52 முதல் 54 மில்லிமீட்டரில், 99ஏ கடினத்தில் உள்ள சக்கரம். வழுவழுப்பான சிமெண்டுப் பூங்காவுக்கு அது பொருந்தும். நம் ஊர் தார்ச்சாலையில் கரடு, லோரியிலிருந்து சிந்திய சரளை, செம்பனைக் கொட்டை. பட்டாணி அளவுக் கல்லொன்று போதும், சின்னக் கடினச் சக்கரம் அப்படியே நின்றுவிடும். மேலே நிற்பவர் நிற்கமாட்டார். 1970-களின் தொடக்கத்தில் பிராங்க் நாஸ்வொர்த்தி பாலியூரிதேன் சக்கரத்தை விற்பனைக்குக் கொண்டுவரும் முன்பு சுட்ட களிமண் சக்கரத்தில் ஓட்டியவர்கள் இதைத்தான் அனுபவித்தார்கள்.

கேட்டால் 60 மில்லிமீட்டர், 78ஏ மென்சக்கரத்துக்கு மாற்றித் தருகிறார்கள்; நாற்பது வெள்ளி கூடுதல். மாற்றும்போது பலகைக்கும் இரும்பு அச்சுக்கும் இடையில் ஆறு மில்லிமீட்டர் ரப்பர் தட்டு வைத்துக் கட்டுகிறார்கள். அது இல்லாவிட்டால், சாய்ந்து திரும்பும்போது பெரிய சக்கரம் பலகையின் அடியை உரசிப் பிடித்துக்கொள்ளும், ஆள் முன்னால் பறப்பார். பணம் கட்டுமுன் பலகையில் ஏறி ஒரு பக்கம் முழுதாகச் சாய்ந்து, சக்கரம் தொடுகிறதா என்று பாருங்கள். சக்கர நட்டை இறுக்கி முடித்தபின் சக்கரம் இடவலமாக நூலளவு ஆட வேண்டும். அந்த ஆட்டம் இல்லையென்றால் பேரிங் அழுந்திச் சீக்கிரம் போகும். பேரிங் சாதாரண 608, உள்துளை 8, வெளிவட்டம் 22, அகலம் 7 மில்லிமீட்டர்; எந்த மோட்டார்ப் பட்டறையிலும் கிடைக்கும். மழையில் ஓட்டினால் அன்றைக்கே கழற்றித் துடையுங்கள். பேரிங் துருப்பிடிப்பது ஒரு பக்கம், மேப்பிள் பலகையின் ஏழு அடுக்கும் ஈரம் குடித்து ஓரத்திலிருந்து பிரியும்.

வாசலில் தொங்கும் முப்பது வெள்ளிப் பலகைகள் ஓட்டுவதற்கு அல்ல. அச்சு பிளாஸ்டிக், சக்கரத்தில் பேரிங்கே இல்லை, தள்ளினால் இரண்டு முழம் போய் நிற்கும். நல்ல பலகை தெரிந்த கடை இதை ஏன் விற்கிறது என்பது புரியவில்லை. ஓட்டிப் பழக பாலாய் ராயா எனும் சமூக மண்டபத்தின் சிமெண்டுப் பூப்பந்துத் திடல் நல்ல இடம், பெரிய சாலை வேண்டவே வேண்டாம்.

ஜக்லிங் நாளின் கதை சுருக்கம். 1947 ஜூன் 17-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மந்திரக்காரர்கள் மாநாட்டின்போது ஜக்லிங் சங்கம் உருவானது, அதன் நினைவாக இந்த நாள். கடையில் விற்பது பக்கத்துத் தையற்கடையில் பாத்தேக் துணித் துண்டில் தைத்த மூன்று பந்துகள், பதினெட்டு வெள்ளி. அளவும் எடையும் சரி; கைக்கு அடக்கமாக, ஒவ்வொன்றும் 120 கிராம் வாக்கில். உள்ளே பச்சைப்பயறு என்பதுதான் கோளாறு. இந்த ஈரப்பதத்தில் வண்டு வைத்து, ஒரு பருவமழையில் பூசணம் வாடை அடிக்கும். பிளாஸ்டிக் மணி நிரப்பித் தரச் சொன்னால் மூன்று வெள்ளி கூட்டித் தைத்துத் தருகிறார்கள். டென்னிஸ் பந்து வேண்டாம். எடை பாதிதான், தவறி விழுந்தால் துள்ளி ஓடிக் கால்வாயில் போய்ச் சேரும். பழகுவதற்குச் சுவரைப் பார்த்து நில்லுங்கள். எறிகிறவர்கள் எல்லோரும் தம்மை அறியாமல் பந்தின் பின்னால் முன்னோக்கி நடப்பார்கள், சுவர் அதைத் தடுக்கும்.

கடைசியாகத் தலைக்கவசம். சைக்கிளும் பலகையும் வாடகைக்கு எடுத்தால் கவசம் இலவசமாகத் தருகிறார்கள். ஆனால் வாங்காதீர்கள். உள்ளே இருக்கும் வெள்ளை நுரை ஒரே ஒரு பலத்த அடியைத்தான் தாங்கும். நசுங்கிய நுரை மீண்டு எழும்பாது, வெளியிலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. வாடகைக் கவசம் எத்தனை பேர் தலையோடு எத்தனை முறை தரையைத் தொட்டது என்று யாருக்கும் கணக்கில்லை. சிறுவர் அளவும் அங்கே இல்லை. பெரியதை வாரால் இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். இஎன் 1078 என்ற ஐரோப்பியத் தரக் குறி உள்ளே ஒட்டியிருக்கும் புதியதை வேறு கடையில் வாங்கிக்கொண்டு போங்கள், அந்தத் தரம் சைக்கிளுக்கும் ஸ்கேட்போர்டுக்கும் சேர்த்தே வகுக்கப்பட்டது. முன்விளிம்பு புருவத்துக்கு இரண்டு விரல் மேலே இருக்க வேண்டும், வார் காதுக்குக் கீழே கூட வேண்டும், கொக்கி மாட்டியபின் தலையை ஆட்டினால் கவசம் தனியாக ஆடக் கூடாது.

வாடகை சைக்கிளுக்கு அரை நாள் பத்து வெள்ளி, பலகைக்கு எட்டு, முன்பணம் ஐம்பது. கியூஆர் ஏற்கிறார்கள். ஆனால் முன்பணத்தைத் திருப்பித் தருவது ரொக்கமாக மட்டும்தான், கல்லாவில் சில்லறை இல்லாத நேரத்தில் காத்திருக்க நேரும். மென்சக்கரமும் பிளாஸ்டிக் மணிப் பந்தும் சொல்லிவைத்து வாங்க வேண்டியவை. மே மாதக் கடைசி வாரத்திலேயே சொல்லிவிடுங்கள்.